நொய்யலைப் பற்றி சட்ட ஆய்வு செய்ய இன்னும் என்ன பாக்கி இருக்கிறது?

கேள்வி கேட்டவர் காங்கயம் பக்கம் நொய்யல் ஆற்றோரத்து ஊர்க்காரர். பி.எல். முடித்துவிட்டு எல்.எல்.எம். சேர்ந்திருக்கிறார். மனித உரிமை, சுற்றுச்சூழல், அரசமைப்புச் சட்டம் என்று மூன்று பிரிவுகளில் எதில் நின்று ஆய்வேடு எழுதுவது என்று குழப்பம். திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் அந்த ஆற்றில் விட்ட கழிவைப் பற்றி எழுத ஆசை, ஆனால் வழிகாட்டியோ "அதுல எழுத என்ன இருக்கு, எல்லாரும் எழுதிட்டாங்க" என்கிறார். கடைசி வரியில், தங்கள் குடும்பத்துக்கும் அந்தச் சாயக்கழிவு விவகாரத்தில் கொஞ்சம் இழப்பீடு வந்தது என்றும், அதனால் இந்தத் தலைப்பை எடுப்பது தவறாகுமா என்றும் கேட்டிருக்கிறார். பிரிவைத் தேர்ந்தெடுப்பது பற்றிய கேள்வி போலத் தெரிந்தாலும், சொந்த ஊரின் கஷ்டம் எந்த இடத்தில் சட்ட ஆய்வுக்கான கேள்வியாக மாறுகிறது என்பதைத்தான் அவர் கேட்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் கோவையில் வழக்கறிஞர். நில எடுப்பு, மாசுக் கட்டுப்பாடு தொடர்பான வழக்குகள்தான் அதிகம். எல்.எல்.எம். மாணவர்கள் எழுதும் ஆய்வேட்டு வரைவுகளையும் பல வருடங்களாகப் படித்துத் திருத்திக் கொடுக்கிறேன். மண், தண்ணீர் வேதியியல் என் துறை இல்லை. அதனால் கீழே சொல்வதெல்லாம் சட்டப் பக்கத்துச் சங்கதிகள் மட்டுமே.

உங்கள் வழிகாட்டி சொல்வது பாதி சரி. "நொய்யல் கெட்டுவிட்டது, சுத்தமான தண்ணீர் அடிப்படை உரிமை, எனவே அரசு கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும்" என்று முடிகிற ஆய்வேடு நிறைய வந்துவிட்டது. அதை மறுத்துப் பேச ஆள் இல்லை, மறுக்க ஆள் இல்லாத ஒன்றை நிரூபிக்க நூற்றைம்பது பக்கம் தேவையில்லை. ஆனால் 2006இல் பட்டறைகளுக்கு எதிராக உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்த மறுநாளில் தொடங்கி என்ன நடந்தது என்பதை யாரும் ஒழுங்காக எழுதவில்லை. நொய்யலில் உரிமை உண்டா இல்லையா என்ற சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. நீதிமன்றம் போட்ட உத்தரவு ஆறு வரைக்கும், தோட்டம் வரைக்கும் எப்படி வந்து சேர்ந்தது, வழியில் எங்கே நின்றுபோனது என்பதுதான் பாக்கி.

முதலில் உறுதியானவற்றைச் சொல்லிவிடுகிறேன், இதில் நீங்கள் அதிகப் பக்கங்களைச் செலவிட வேண்டாம். 1976இல் அரசமைப்பின் 42ஆவது திருத்தம் மூலம் 48அ, 51அ(எ) என்ற இரண்டு கூறுகள் வந்து, சுற்றுச்சூழலைக் காப்பது அரசின் கொள்கையாகவும் குடிமக்களின் கடமையாகவும் ஆனது. 1991இல் சுபாஷ் குமார் எதிர் பீகார் மாநிலம் வழக்கில், மாசில்லாத தண்ணீரும் காற்றும், உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் 21ஆவது கூறில் அடங்கும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1996 ஆகஸ்ட் 28இல் வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில், பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளை வைத்து, தீங்கு வருமுன்பே தடுக்க வேண்டும் என்ற முன்னெச்சரிக்கைக் கொள்கையும் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கொள்கையும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே 2010இல் வந்த தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20ஆவது பிரிவு அதை எழுத்திலேயே கொண்டுவந்துவிட்டது. தீர்ப்பாயம் வந்ததால் உயர் நீதிமன்றம் ரிட் மனுவை விசாரிக்கும் 226ஆவது கூறு அதிகாரம் போய்விடவில்லை என்பதும் 2022இல் மத்தியப் பிரதேச உயர் நீதிமன்ற வழக்கறிஞர் சங்க வழக்கில் முடிவாகிவிட்டது. இவ்வளவுக்கும் ஓர் அத்தியாயம் தாராளம்.

இதிலும் ஒரு சங்கதி உண்டு. சுபாஷ் குமார் வழக்கை மேற்கோள் காட்டாத சுற்றுச்சூழல் ஆய்வேடே கிடையாது. ஆனால் அந்த மனு தள்ளுபடியானது. மனுதாரர் தன் சொந்தப் பகைக்காகப் பொதுநல வழக்கைப் பயன்படுத்துகிறார் என்று சொல்லி, செலவுத்தொகையும் கட்டச் சொன்னார்கள். நாம் எல்லாரும் எடுத்துப் போடும் அந்த வரி, மனுவைத் தள்ளுபடி செய்த தீர்ப்பின் நடுவில் வருகிற வரி. அந்த வழக்கை முடிவு செய்ய அந்த வரி தேவைப்பட்டதா? அப்புறம் அது எப்படி இவ்வளவு பலம் பெற்றது? அது பின்னால் வந்த தீர்ப்புகள் கொடுத்த பலமா, அந்த வரிக்கே இருந்த பலமா? முழுத் தீர்ப்பையும் படித்தவருக்குத்தான் இந்தக் கேள்விகள் வரும். தீர்ப்பின் மேலே அச்சிடும் சுருக்கமான தலைப்புக்குறிப்பை மட்டும் படித்து எழுதியவரைத் தேர்வாளர் இரண்டே கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்.

இப்போது நொய்யலுக்கு வருவோம். வெள்ளியங்கிரியில் பிறந்து கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்கள் வழியாகப் போய்க் காவிரியில் சேர்கிற ஆறு. வேலூர் தீர்ப்பின் தொடர்ச்சியாக 1996இலேயே சூழல் இழப்பு ஆணையம் ஒன்று அமைந்தது. தோல் ஆலைகளுக்காக வந்த அந்த ஆணையம் பிறகு நொய்யல் இழப்பையும் கணக்கிட்டது. 2004 டிசம்பரில் ஏறத்தாழ 28,500 விவசாயிகளுக்கு, மொத்தம் 25 கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக இழப்பீடு நிர்ணயித்தது. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பர் 22இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: கழிவு ஒரு சொட்டும் வெளியே வராத நிலைக்குச் சாயப்பட்டறைகள் மாற வேண்டும், அதுவரைக்கும் வெளியேற்றும் கழிவுக்கு லிட்டருக்கு இத்தனை காசு என்று கட்ட வேண்டும். பட்டறைக்காரர்கள் மேலே போனார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் சுத்தம் செய்யும் செலவிலிருந்து அவர்கள் நழுவ முடியாது என்று சொல்லி, கொஞ்சம் அவகாசம் மட்டும் கொடுத்தது. அந்தத் தீர்ப்பு, உச்ச நீதிமன்றத் தீர்ப்புத் தொகுப்பான எஸ்.சி.சி.யில், (2009) 9 எஸ்.சி.சி. 737இல் இருக்கிறது. அவகாசமும் முடிந்தது, கழிவு நிற்கவில்லை. நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் 2011 ஜனவரி 28இல் எழுநூற்றுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே ஆண்டு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு மாநில அரசு சுமார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது.

இந்த வரிசையை எல்லாரும் எழுதுகிறார்கள். அதற்குள்ளே கொஞ்சம் நின்று பாருங்கள். 25 கோடியை 28,500 பேருக்கு வகுத்தால் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக 9,000 ரூபாய்கூட வராது. நஞ்சை, தென்னந்தோப்பு, மானாவாரிக் காடு எல்லாவற்றுக்கும் சேர்த்துத்தான் இந்தச் சராசரி. இது எந்த அளவுகோலில் வந்தது? விளைச்சல் குறைந்ததற்கா, நிலத்தின் மதிப்பு போனதற்கா, கிணற்றைத் திரும்பச் சரியாக்கும் செலவுக்கா? மாசுபடுத்தியவர் செலவை ஏற்க வேண்டும் என்றால், பாதிக்கப்பட்டவருக்குக் கொடுப்பதும் சூழலைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதும் இரண்டும் சேர்ந்தது என்று வேலூர் தீர்ப்பே சொல்கிறது. இரண்டில் எது எவ்வளவு நடந்தது என்பதைக் கணக்கோடு காட்ட முடிந்தால் உங்கள் ஆய்வேட்டின் முதுகெலும்பு அங்கேயே கிடைத்துவிடும். அரசு கொடுத்த வட்டியில்லாக் கடனையும் இதே இடத்தில் வைத்துக் கேட்கலாம். வட்டியை விட்டுக்கொடுத்தவர் வரி கட்டும் பொதுமக்கள். அப்படியானால் அந்த அளவுக்குச் செலவை ஏற்றது யார்? தொழிலைக் காப்பதும் அரசின் வேலைதானே என்ற பதிலும் வரும், அதுவும் சும்மா தள்ளிவிடக்கூடிய பதில் இல்லை.

ஒரத்துப்பாளையம் பக்கத்தில் ஒரு பெரியவர் மஞ்சப்பையில் பத்திரமாக வைத்திருந்த காகிதங்களை ஒருமுறை பார்த்தேன். அடங்கல் நகல், கிணற்றுத் தண்ணீர் பரிசோதனைச் சீட்டு, ஆணையத்திலிருந்து வந்த நோட்டீஸ், சங்கத்துக்குச் சந்தா கட்டிய ரசீது, பாஸ்புத்தகத்தின் பழைய பக்கம் ஒன்று. பரிசோதனைச் சீட்டின் ஓரத்தில், எந்த மாதம் தென்னை மட்டை பழுத்தது என்று பேனாவில் குறித்து வைத்திருந்தார். "கேசு எங்க பக்கந்தான் ஆச்சுங்க. இந்தக் காசு எந்த வருசத்துக்குன்னுதான் வெளங்கலீங்க" என்றார். அவர் கேட்டது அசல் சட்டக் கேள்வி. இழப்பீடு குறிப்பிட்ட ஆண்டுகளின் விளைச்சலுக்குக் கணக்கிடப்பட்டால், அதற்குப் பிந்தைய ஆண்டுகளின் இழப்புக்கு எங்கே போவது? பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15ஆவது பிரிவு, இழப்பீடு கேட்கும் காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு என்கிறது. மெதுவாக, வருடக்கணக்கில் உப்பேறுகிற நிலத்துக்கு அந்த முதல் நாள் எது? ஒரு கசிவு, ஒரு வெடிப்பு என்றால் தேதி சொல்லலாம். சாயத்தண்ணிக்குத் தேதி கிடையாது. இந்த ஒரு கேள்வியை மட்டும் எடுத்து முழு ஆய்வேடு எழுதலாம் என்று நினைக்கிறேன்.

இனி விவாதத்துக்குரியவை. இங்கே நான் சொல்வதை என் கருத்தாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மாசுபடுத்தியவர் யார் என்பது பார்வைக்கு எளிதாகத் தெரிந்தாலும் திருப்பூரில் அது எளிதில்லை. பட்டறைக்காரருக்குத் துணி சொந்தமில்லை. பனியன் கம்பெனி துணியைக் கொடுக்கிறது, இந்த நிறம் வேண்டும் என்று சொல்கிறது, கிலோவுக்கு இவ்வளவு என்று ஜாப் ஒர்க் கூலி கொடுக்கிறது. கம்பெனிக்கு ஆர்டர் வெளிநாட்டிலிருந்து வருகிறது. கழிவு வெளியேறிய குழாய் யாருடையதோ அவர்தான் பொறுப்பு என்று இதுவரை எல்லா வழக்கும் போயிருக்கிறது. லாபம் மேலே போகும்போது பொறுப்பும் மேலே போகுமா என்பதற்கு நம் சட்டத்தில் தெளிவான பதில் இல்லை. பல பட்டறைக் கழிவு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் கலந்தபிறகு யாருக்கு எவ்வளவு பங்கு என்ற அடுத்த சிக்கலுக்கு மட்டும் ஒரு நூல் கிடைக்கிறது. பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 17(2)ஆம் உட்பிரிவு, பல செயல்களின் கூட்டு விளைவாகச் சேதம் வந்தால், சம்பந்தப்பட்டவர்களுக்குள் நியாயமான முறையில் பொறுப்பைப் பங்கிடலாம் என்கிறது. எது நியாயமான முறை? கழிவின் அளவா, உற்பத்தியா, சம்பாத்தியமா? தீர்ப்பாயத்தின் உத்தரவுகளைத் திரட்டி, நடைமுறையில் எந்த அளவுகோல் பயன்படுகிறது என்று பார்ப்பது சுற்றுச்சூழல் பிரிவில் சேர்ந்தவருக்கு அருமையான வேலை.

இன்னொரு பக்கமும் உண்டு, நம் பக்கத்து ஆட்கள் அதைப் பேசத் தயங்குவார்கள். 2011இல் பட்டறைகள் மூடியபோது வேலை போனது வெளியூரிலிருந்து வந்து கூலிக்கு நின்ற ஆட்களுக்கு. பிழைப்பும் 21ஆவது கூறில் அடங்கும் என்று 1985இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கிலேயே சொல்லியாயிற்று. தொழில் செய்யும் உரிமை 19(1)(எ)இல் இருக்கிறது, பொதுநலனுக்காக அதற்கு நியாயமான கட்டுப்பாடு போடலாம் என்று 19(6)உம் இருக்கிறது. முதலாளியின் தொழில் உரிமைக்கும் விவசாயியின் தண்ணீர் உரிமைக்கும் நடுவே தராசு பிடிக்க நீதிமன்றத்துக்குப் பழக்கம் உண்டு. 21க்கு எதிரே இன்னொரு 21 வந்து நிற்கும்போது என்ன செய்வது? இந்தக் கூலியாட்கள் குரல் அந்த வழக்குக் கட்டில் எந்த அளவுக்கு இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். மனித உரிமைப் பிரிவை எடுக்கிறவர் ஆற்றைவிட இந்த இடத்தில்தான் நிற்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பிரிவைத் தேர்ந்தெடுப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். மூன்றையும் ஒரே ஆய்வேட்டில் கட்ட வேண்டாம். ஒன்றைக் கேள்வியாக வையுங்கள், மற்ற இரண்டும் துணைக்கு வரட்டும். அரசமைப்புப் பிரிவு என்றால் நம் மண்டலத்தில் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. தண்ணீர் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அதனால்தான் 1974ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை நாடாளுமன்றம் 252ஆவது கூறின் கீழ், மாநிலங்களின் தீர்மானத்தோடு கொண்டுவந்தது. 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமோ சர்வதேச உடன்பாட்டைக் காரணம் காட்டி 253இன் கீழ் வந்தது. 2024இல் நீர்ச் சட்டத்தைத் திருத்தி, பல குற்றங்களுக்குச் சிறைக்குப் பதில் பத்தாயிரம் முதல் பதினைந்து லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று மாற்றினார்கள். முதலில் இமாச்சலம், ராஜஸ்தான், ஒன்றியப் பகுதிகளுக்கு மட்டும்தான் அது பொருந்தியது. மற்ற மாநிலங்களுக்கு அந்தந்தச் சட்டமன்றம் தீர்மானம் போட்டால்தான் உண்டு. ஒரே ஆறு, ஒரே குற்றம், மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் அபராதம், இந்தப் பக்கம் ஜெயில் என்ற நிலை சமத்துவக் கூறுக்கு முன் நிற்குமா, கூட்டாட்சியில் அது இயல்புதானா என்று கேட்கலாம். நீங்கள் எழுதும் நாளில் தமிழ்நாட்டின் நிலை என்ன என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலம் பக்கம் போனால் கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய் இருக்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம் என்று நம் ஊர்த் தோட்டங்கள் வழியாகக் குழாய் பதிப்பதை மாநில அரசு 2013இல் எதிர்த்தது, அதே ஆண்டு உயர் நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது, 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. அடிப்படையில் இருப்பது குழாய் பதிப்பதற்கான 1962ஆம் ஆண்டு மத்தியச் சட்டம். நிலம் உங்களுடையதாகவே இருக்கும், குழாய் போகிற உரிமை மட்டும் எடுக்கப்படும், அதற்கு நிலமதிப்பில் பத்து சதவீதம். அந்தப் பட்டையில் மரம் வைக்க முடியாது, வீடு கட்ட முடியாது. 300அ கூறு சொல்லும் சொத்துரிமை இங்கே எவ்வளவு தூரம் வரும்? 2013 நில எடுப்புச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் 1962 சட்டமும் இருக்கிறது, அதனால் புதிய சட்டத்தின் இழப்பீடு உபயோக உரிமைக்கும் பொருந்துமா என்ற வாதமும் சேர்ந்துகொள்கிறது. தொழிற்பேட்டை அமைக்கும் மாநில அரசு நிறுவனமான சிப்காட்டுக்கு நில எடுப்பு என்றால் 1997ஆம் ஆண்டு மாநிலச் சட்டம். 2019 ஜூலையில் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது, மாநிலம் உடனே மீட்புச் சட்டம் போட்டது, 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. மத்தியச் சட்டத்தோடு மோதும் மாநிலச் சட்டம் குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு நிற்கலாம் என்கிற 254(2)ஐப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது. மனித உரிமைப் பக்கத்தில் கல்யாணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொல்லி இளம்பெண்களை விடுதியில் வைத்து வேலை வாங்கும் நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டம் இருக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்கினால் அது 23ஆவது கூறு தடுக்கும் கட்டாய உழைப்பு என்று 1982இல் ஆசியாட் தொழிலாளர் வழக்கில் சொன்னதை, மூன்று வருட முடிவில் மொத்தமாகக் கொடுக்கும் தொகையோடு வைத்துப் பார்க்க வேண்டும். நல்ல தலைப்பு, ஆனால் விடுதிக்குள் இருக்கும் பெண்ணிடம் உண்மையைக் கேட்டு வாங்குவது எல்.எல்.எம். கால அளவில் சிரமம்.

வாளையாற்றைத் தாண்டிக் கேரளத்துக்குள் போனால், குளிர்பான ஆலை நிலத்தடி நீரை எடுத்ததால் வழக்கு வந்த பிளாச்சிமடை. 2003இல் கேரள உயர் நீதிமன்றத் தனி நீதிபதி, நிலத்தடி நீர், மக்களுக்காக அரசு காக்க வேண்டிய பொது நம்பிக்கைச் சொத்து என்றார். 2005இல் இரு நீதிபதி அமர்வு அதற்கு மாறாகப் போய், குளிர்பான ஆலை நாளொன்றுக்கு ஐந்து லட்சம் லிட்டர் எடுக்கலாம் என்றது. நிபுணர் குழு ஒன்று இழப்பை 216 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. நொய்யலின் 25 கோடியைப் பக்கத்தில் வையுங்கள். ஊர் அளவு, ஆட்கள் எண்ணிக்கை, மதிப்பிட்ட முறை எல்லாம் வேறு, அதனால் தொகையை நேரடியாக ஒப்பிடக் கூடாது. மதிப்பிட்ட முறைகளை ஒப்பிடலாம், அதுதான் பலன் தரும்.

தரவு எங்கே கிடைக்கும்? தீர்ப்பு எல்லாருக்கும் இணையத்தில் கிடைக்கிறது, வழக்குக் கட்டு கிடைப்பதில்லை. உங்களுக்கு வேண்டியது கட்டு. உத்தரவை நிறைவேற்றியது பற்றிய இணக்க அறிக்கை, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தாக்கல் செய்த பிரமாணப் பத்திரம், ஆணையத்தின் ஊர்வாரிப் பட்டியல், இவையெல்லாம் அதில்தான் இருக்கும். வழக்கில் ஆஜரான வழக்கறிஞர்களிடமும் சங்கத்தாரிடமும் முதலில் கேளுங்கள், பலர் சந்தோஷமாகக் காட்டுவார்கள். இல்லையென்றால் நகல் மனு. தேடும்போது இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். திருப்பூர் மாவட்டம் 2009இல்தான் உருவானது. 2006 தீர்ப்புக் காலத்துக் காகிதத்தில் திருப்பூர் கோவை மாவட்டத்திலும் உங்கள் காங்கயம் ஈரோடு மாவட்டத்திலும் இருக்கும். அப்புறம், கோவை, திருப்பூர், ஈரோட்டு வழக்குகள் சென்னைக்குப் போகும், கரூர் மட்டும் 2004இலிருந்து மதுரைக் கிளைக்குப் போகும். ஆற்றின் கடைமடை ஆட்கள் தொடுத்த வழக்கைச் சென்னையில் மட்டும் தேடினால் கிடைக்காது.

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் வில்லை ஒட்டி மனுப் போடலாம், முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த முப்பது நாளில் முதல் மேல்முறையீடு. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் திருப்பூரில் வடக்கு, தெற்கு என்று இரண்டு அலுவலகம், எந்த ஊர் எதில் வருகிறது என்று பார்த்துப் போடுங்கள். ஏன், எதற்கு என்று கேட்டால் பதில் வராது. ஆவணத்தைக் கேளுங்கள். "எத்தனை பட்டறை மீது நடவடிக்கை எடுத்தீர்கள்" என்று கேட்ட ஒரு மாணவிக்கு, ஓர் அலுவலகத்திலிருந்து "விதிகளின்படி நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்று ஒரே வரி வந்தது. இன்ன ஆண்டில் நீர்ச் சட்டத்தின் 33அ பிரிவின் கீழ் பிறப்பித்த மூடல் உத்தரவுகளின் நகல் வேண்டும் என்று திருத்திப் போட்டபிறகு ஒரு கட்டே வந்து சேர்ந்தது. பட்டறை இயங்க வாரியம் தரும் இசைவாணையின் நகல், ஆய்வறிக்கை, ஆன்லைன் கண்காணிப்புப் பதிவு என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்.

களத்துக்குப் போகும்போது விவசாயியை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். பட்டறைக்காரரிடமும், சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை பார்ப்பவரிடமும் பேசுங்கள். உப்பைப் பிரித்தெடுக்க ஆகும் மின்கட்டணத்தை அவர்கள் வாயால் கேட்டால்தான் ஏன் ராத்திரியில் வாய்க்காலில் திறந்துவிடும் ஆசை வருகிறது என்பது புரியும். பேசியவர் சம்மதத்தை எழுதி வாங்குங்கள், பெயரை மாற்றுங்கள். நிலுவையில் இருக்கும் வழக்கைப் பற்றி எழுதுவதில் தப்பில்லை, நீதிபதிக்கு உள்நோக்கம் கற்பித்தால்தான் வம்பு. தண்ணீரை நீங்களே பாட்டிலில் பிடித்துப் பரிசோதித்து அந்த எண்ணை ஆதாரமாகப் போடாதீர்கள். மாதிரி எடுக்கும் முறை சரியில்லை என்று ஒருவர் சொன்னால் அத்தியாயமே போய்விடும். வாரியத்தின் எண்கள், வேளாண் பல்கலைக்கழக ஆய்வுகள், வழக்கில் தாக்கலான நிபுணர் அறிக்கைகள் போதும். நீங்கள் ஆராய்வது அந்த எண்களை நீதிமன்றம் எப்படிக் கையாண்டது என்பதைத்தான்.

சமர்ப்பிக்கும் வாரத்தில் சட்டநிலையை இன்னொரு தடவை பாருங்கள். முன் அனுமதி வாங்காமல் தொடங்கிய திட்டத்துக்குப் பின்னால் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கக் கூடாது என்று 2025 மே மாதம் வனசக்தி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில் இரண்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. நடுவில் சமர்ப்பித்தவர்கள் பாடு திண்டாட்டம்தான். பருவநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து விடுபட்டிருக்கும் உரிமை என்று 2024இல் ரஞ்சித்சிங் வழக்கில் சொன்னதும் இப்படித்தான், உரிமை இருப்பது உறுதி, அதன் உள்ளடக்கம் இன்னும் வழக்கு வழக்காகத்தான் தெளிவாக வேண்டும். அதை வைத்து நொய்யலில் பெரிய கோட்டை கட்ட வேண்டாம்.

உங்கள் குடும்பம் வாங்கிய இழப்பீட்டைப் பற்றி. அது தடை இல்லை, மறைத்தால்தான் தடை. முதல் அத்தியாயத்தில், ஆய்வுமுறை சொல்லும் இடத்தில், எந்த ஊர், எந்த ஆண்டு, எவ்வளவு தொகை என்று இரண்டு வரியில் எழுதிவிடுங்கள். உங்கள் குடும்பத்துக் காகிதங்களை ஆதாரமாகப் பயன்படுத்தினால், அதே அளவுக்கு வேறு இரண்டு மூன்று ஊர்க் காகிதங்களையும் பயன்படுத்துங்கள். வாய்மொழித் தேர்வில் கட்டாயம் கேட்பார்கள், "நீங்க வாதியா, ஆய்வாளரா" என்று. உங்களுக்குப் பிடிக்காத முடிவு ஏதாவது ஓர் அத்தியாயத்தில் வந்திருந்தால் அந்தப் பக்க எண்ணைச் சொல்லுங்கள், போதும். வழிகாட்டியிடம் தலைப்பை மட்டும் கொண்டுபோகாதீர்கள். 2006 தீர்ப்பின் எந்தெந்த உத்தரவு நிறைவேறியது, எது நிறைவேறவில்லை, எதற்குக் காகிதம் கிடைத்திருக்கிறது என்று இரண்டு பக்கக் குறிப்பாக எழுதி எடுத்துப் போங்கள். அந்தக் குறிப்பைத் தயாரிக்கும்போது சந்தேகம் வந்தால் இங்கேயே கேளுங்கள், தெரிந்தவரை சொல்கிறேன்.